ராப்பலகை: முடிச்சில் கட்டிய துறைமுகங்கள்

ராப்பலகை என்பது சோழமண்டலக் கரையின் மாலுமிகள் இரவில் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளக்க வைத்திருந்த கருவி. உள்ளங்கையில் அடங்கும் ஒரு நீள்சதுரப் பலகைத் துண்டு, அதன் நடுவில் ஒரு துளை, துளையில் கோத்த நூல், நூலில் வரிசையாகச் சில முடிச்சுகள். கருவி இவ்வளவுதான். அரபு மாலுமிகள் இதே கருவியைக் கமால் என்றனர். அவர்களிடம் மரத்தாலும் மாட்டுக்கொம்பாலும் செய்தவை இருந்தன. இந்தியப் பெருங்கடலில் பாய்மரக் கப்பல் ஓட்டியவர்கள் பல நூற்றாண்டுகள் நம்பிப் போன கருவி இது.

பயன்படுத்தும் முறையும் எளிது. மாலுமி வடக்கு நோக்கி நிற்பார். நூலின் ஒரு முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, நூல் விறைக்கும்வரை பலகையை முகத்துக்கு முன்னால் நீட்டுவார். பலகையின் கீழ்விளிம்பு அடிவானக் கோட்டில் பொருந்த வேண்டும். அப்போது மேல்விளிம்பில் துருவ நட்சத்திரம் உட்கார்ந்தால், அந்த முடிச்சுக்கு உரிய துறைமுகத்தின் நேரே கப்பல் நிற்கிறது. நட்சத்திரம் விளிம்புக்கு மேலே தெரிந்தால் கப்பல் அந்தத் துறைக்கு வடக்கே இருக்கிறது. பலகைக்குப் பின்னால் மறைந்தால் தெற்கே. எழுத்தும் எண்ணும் தெரியாதவரும் இதைக் கையாளலாம்.

இதன் அடிப்படை வானியலின் முதல் பாடங்களில் ஒன்று. வட துருவத்தில் நிற்பவருக்குத் துருவ நட்சத்திரம் தலைக்கு நேர் மேலே இருக்கும். நிலநடுக்கோட்டில் நிற்பவருக்கு அது அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும். இடையில் உள்ள எந்த ஊரிலும் அது அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயர்ந்திருக்கிறதோ, ஏறக்குறைய அத்தனை பாகைதான் அந்த ஊரின் அட்சரேகை. ஒரு பாகை தெற்கு வடக்காகச் சுமார் 111 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் 8 பாகை உயரத்தில் இருக்கும் நட்சத்திரம் சென்னையில் 13 பாகை உயரத்தில் இருக்கிறது.

5 சென்டிமீட்டர் உயரமுள்ள பலகை ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டால் முடிச்சுகள் எங்கே விழும் என்பது தெளிவாகும். துருவ நட்சத்திரம் சரியாகத் துருவத்திலேயே இருப்பதாக வைத்துக்கொள்வோம். திருகோணமலையின் அட்சரேகை எட்டரைப் பாகைக்குச் சற்று மேல். அதற்குரிய முடிச்சு பலகையிலிருந்து 33 சென்டிமீட்டர் தொலைவில் விழும். நாகப்பட்டினத்துக்கு 26½, சென்னைக்கு 22, மசூலிப்பட்டினத்துக்கு 17½, விசாகப்பட்டினத்துக்கு 16 சென்டிமீட்டர். வடக்கே போகப் போக முடிச்சுகள் பலகையை நோக்கி நெருங்கி வரும், இடைவெளியும் சுருங்கும். திருகோணமலைக்கும் நாகைக்கும் இடையே 2 பாகை வித்தியாசத்துக்கு நூலில் 6½ சென்டிமீட்டர் கிடைக்கிறது. மசூலிப்பட்டினத்துக்கும் விசாகப்பட்டினத்துக்கும் இடையே ஒன்றரைப் பாகைக்கு ஒன்றரைச் சென்டிமீட்டர்தான். ஆகவே இந்தக் கருவி தெற்குக் கடல்களில் நுட்பமாகவும், வடக்கே போகப் போகக் கரடுமுரடாகவும் வேலை செய்யும். சோழமண்டலக் கரை, இலங்கை, மலையாளக் கரை, சுமத்திரா ஆகிய தாழ்ந்த அட்சரேகைகளுக்கு இதைவிடப் பொருத்தமான எளிய கருவியைச் சொல்வது கடினம்.

பலகைக்கு முந்தைய காலத்தில் கடலோடிகளுக்குப் பறவைகள் வழி காட்டின. இலங்கை மாலுமிகள் பறவைகளைக் கப்பலில் கொண்டு போவார்கள், அவ்வப்போது பறக்க விட்டு அவை கரை நோக்கிப் போகும் திசையில் கப்பலைச் செலுத்துவார்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி எழுதினார். கரை தேடும் பறவையைக் கப்பலிலிருந்து பறக்க விடும் வழக்கம் பௌத்தரின் தீக நிகாயத்திலும் உவமையாக வருகிறது. ஆனால் இலங்கையில் சப்தரிஷி மண்டலம் தெரியாது, அதனால் அவர்கள் விண்மீன்களைப் பார்ப்பதில்லை என்று பிளினி சேர்த்துச் சொன்னது தவறு. இலங்கையின் எந்த ஊரிலிருந்தும் சித்திரை, வைகாசி மாதங்களில் முன்னிரவில் அந்த ஏழு விண்மீன்களையும் பார்க்கலாம். கேள்விப்பட்டதை எழுதியவர் அவர். கடலில் போனவரின் சாட்சி வேறு மாதிரி இருக்கிறது. கி.பி. 411இல் இலங்கையிலிருந்து கப்பலேறிய சீனத் துறவி பாஹியான், எல்லையற்ற கடலில் கிழக்கு மேற்கு தெரியாது என்றும், சூரியன், சந்திரன், விண்மீன் ஆகியவற்றைப் பார்த்தே கப்பல் போனது என்றும், மழையும் மேகமும் மூடினால் காற்று கொண்டு போகும் திசையில் போக வேண்டியதுதான் என்றும் எழுதி வைத்தார்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த வழியாகப் போன மார்க்கோ போலோ துருவ நட்சத்திரத்தின் உயரத்தை ஊர் ஊராகக் குறித்திருக்கிறார். குமரியிலிருந்து முப்பது மைல் கடலுக்குள் போனால் அது தண்ணீருக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் தெரியும். மலையாளக் கரையில் இரண்டு முழம். குஜராத்தில் ஆறு முழம். வானில் முழம் என்ற அளவு வெனிஸ் வணிகர் ஒருவரின் சொந்தக் கற்பனையாக இருக்க முடியாது. கப்பலில் மாலுமிகள் பேசிக்கொண்டதைத்தான் அவர் எழுதியிருக்க வேண்டும். துறைமுகங்களை நட்சத்திரத்தின் உயரத்தால் வரிசைப்படுத்தும் பழக்கம் அதற்குள் இந்தக் கடலில் வேரூன்றிவிட்டது என்பதற்கு இது நல்ல சான்று. 15ஆம் நூற்றாண்டில் வந்த நிக்கோலோ டி கோண்டியும் இந்திய மாலுமிகள் திசைகாட்டி இல்லாமல், துருவத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்தே வழியையும் தூரத்தையும் அளக்கிறார்கள் என்று சொன்னார்.

இந்த முறையின் உண்மையான நுட்பம் துருவ நட்சத்திரத்தின் ஒரு குறையில் இருந்து தொடங்குகிறது. அது துருவத்தில் இல்லை. இன்று அது வட துருவப் புள்ளியிலிருந்து முக்கால் பாகைக்கும் குறைவாகவே விலகியிருக்கிறது. கண்ணால் பார்ப்பவருக்கு அசையாமல் நிற்பதாகவே தோன்றும். ஆனால் பூமியின் அச்சு ஏறக்குறைய 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை பம்பரம்போல் தலையாட்டிச் சுற்றுவதால் துருவப் புள்ளி விண்மீன்களுக்கு இடையே மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1500ஆம் ஆண்டு வாக்கில் இந்த நட்சத்திரம் துருவத்திலிருந்து மூன்றரைப் பாகை அளவுக்கு விலகியிருந்தது. மார்க்கோ போலோ காலத்தில் நாலரைப் பாகைக்கு மேல். சோழ மன்னன் முதலாம் இராசேந்திரனின் கப்பற்படை 1025இல் கடாரம் (இன்றைய கெடா) போனபோது 6 பாகைக்கு மேல்.

மூன்றரைப் பாகை விலகல் என்றால், நட்சத்திரம் ஒவ்வொரு நாளும் துருவத்தைச் சுற்றி 7 பாகை அகலமுள்ள வட்டம் ஒன்றை வரைகிறது என்று பொருள். நாகப்பட்டினத்துக்கும் விசாகப்பட்டினத்துக்கும் அட்சரேகை வித்தியாசமே கிட்டத்தட்ட 7 பாகைதான். ஒரே இடத்தில் நங்கூரமிட்ட கப்பலில் இருந்து, நட்சத்திரம் வட்டத்தின் அடியில் இருக்கும்போது ஒரு தடவையும், பன்னிரண்டு மணி நேரம் கழித்து உச்சியில் இருக்கும்போது ஒரு தடவையும் அளந்தால் விடை 7 பாகை மாறும். கீழ்நிலையில் கட்டிய முடிச்சை மேல்நிலையில் கடித்துப் பார்த்தால், நாகைக்கு நேரே நிற்கும் கப்பல் விசாகப்பட்டினத்துக்கு நேரே நிற்பதாகத் தோன்றும். உயரத்தை அளக்கும் கை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், எப்போது அளப்பது என்று தெரியாவிட்டால் பயனில்லை.

மாலுமிகள் இதற்குக் கண்ட தீர்வுதான் இந்த மரபின் சிறப்பு. துருவ நட்சத்திரம் வட்டத்தின் ஒரு குறிப்பிட்ட நிலையில், பெரும்பாலும் மிகத் தாழ்ந்த நிலையில், இருக்கும்போது மட்டுமே அளப்பது என்று வைத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தைக் காட்டும் கடிகாரமும் வானத்திலேயே இருந்தது. சந்திரன் தங்கும் நட்சத்திர மனைகளில் எது உச்சி வானத்தைக் கடக்கிறது, சிறு கரடி மண்டலத்தின் மறுமுனையில் உள்ள இரண்டு ஒளிமிக்க விண்மீன்கள் எந்தச் சாய்வில் நிற்கின்றன என்பதைப் பார்த்தால் துருவ நட்சத்திரம் வட்டத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அரபு நூல்கள் அந்த இரு விண்மீன்களை பர்கதான் என்று அழைக்கின்றன. சொந்தத் துறையில் கப்பல் நிற்கும்போதே, இதே நிலையில் நட்சத்திரத்தை அளந்து முடிச்சைக் கட்டினார்கள். அப்படிக் கட்டிய முடிச்சுக்குள் ஊரின் அட்சரேகையும் நட்சத்திரத்தின் விலகலும் சேர்ந்தே அடங்கிவிடுகின்றன. விலகல் எத்தனை பாகை என்று கப்பலில் யாரும் கணக்கிட வேண்டியதில்லை. ஐரோப்பிய மாலுமி அட்டவணையைப் பார்த்துக் கூட்டிக் கழித்துத் திருத்திய பிழையை, இந்தக் கடலின் மாலுமி முடிச்சு போடும் இடத்திலேயே திருத்திவிட்டார்.

தெற்கே போகப் போக வேறொரு சிக்கல் வரும். 1500இல் சுமத்திராவின் அச்சே முனையில் துருவ நட்சத்திரம் தன் தாழ்நிலையில் அடிவானத்துக்கு மேல் 2 பாகைதான் இருந்தது. கடலின் மூடுபனியில் அது கரைந்து போகும். இராசேந்திரன் காலத்தில் கடாரத்தின் அட்சரேகையில் அது அடிவானத்துக்குக் கீழேயே போய்விட்டது. அங்கெல்லாம் பர்கதானின் உயரத்தையும், அதுவும் உதவாதபோது சப்தரிஷி மண்டலத்தின் விண்மீன்களையும் அளந்தார்கள். நிலநடுக்கோட்டைத் தாண்டினால் அகத்திய நட்சத்திரமும் தென்சிலுவையும் துணை.

உயரத்தைச் சொல்லும் அளவு விரல். கையை முழுதாக நீட்டி, ஒரு விரலின் அகலம் வானில் எவ்வளவு மறைக்கிறதோ அது ஓர் அளவு. அரபு நூல்களில் இதன் பெயர் இஸ்பா. வட்டம் முழுவதும் 224 விரல் என்று கொண்டால் ஒரு விரல் 1 பாகை 36 கலை ஆகும். தெற்கு வடக்காகக் கடலில் அது சுமார் 178 கிலோமீட்டர். விரலின் எட்டில் ஒரு பங்கு ஸாம். மூன்று மணி நேரக் கடற்பயணத்தின் அளவும் அதுவே. நாளை எட்டுச் சாமமாகப் பிரிக்கும் நம் வழக்கத்தோடு இது அப்படியே பொருந்துகிறது. ஒரு பகலும் ஓர் இரவும் நேர் வடக்கே போனால் நட்சத்திரம் ஒரு விரல் ஏறும் என்பது கணக்கு. வேகமும் உயரமும் ஒரே அளவையில் இணைந்திருப்பதால் மனக்கணக்காகவே வழியைத் திட்டமிட முடிந்தது.

இந்த அறிவை எழுத்தில் வைத்தவர்களில் முதன்மையானவர் இப்னு மாஜித். பாரசீக வளைகுடாவின் ஜுல்பாரைச் சேர்ந்த அவர் 1490 வாக்கில் முடித்த கிதாபுல் பவாயித் என்ற நூல், விண்மீன் உயரங்கள், பருவக்காற்று, கரை அடையாளங்கள், கப்பல் தலைவனின் கடமைகள் எல்லாவற்றையும் பேசுகிறது. அவரை அடுத்து 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுலைமான் அல்-மஹ்ரி எழுதினார். அரபு நூல்களில் சோழமண்டலக் கரை மாலுமிகள் சோழர் என்ற பெயராலேயே குறிப்பிடப்படுகின்றனர். வங்கக் கடலில் அவர்கள் தனித்த அனுபவமுள்ளவர்களாக மதிக்கப்பட்டார்கள் என்பது இதில் தெரிகிறது. தமிழ்க் கரையின் அறிவு பெரும்பாலும் வாய்வழியாகத் தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது. எழுதி வைத்த அரபியரின் பெயர் நிலைத்தது. எழுதாமல் கடலோடிய சோழமண்டலத்தார் பெயர்கள் நிலைக்கவில்லை. வரலாற்றில் இது பெரிய இழப்பு.

சீனரிடமும் இதே முறை இருந்தது. அவர்கள் நூலின் நீளத்தை மாற்றாமல் பலகையை மாற்றினார்கள்: கருங்காலியில் செய்த பன்னிரண்டு சதுரப் பலகைகள், சிறியதிலிருந்து பெரியது வரை. எந்தப் பலகை அடிவானத்துக்கும் நட்சத்திரத்துக்கும் இடையே சரியாகப் பொருந்துகிறதோ அத்தனை விரல் உயரம். 15ஆம் நூற்றாண்டில் சீனக் கடற்படைத் தலைவர் ஜெங் ஹேயின் கப்பல்கள் போன வழிகளைக் காட்டும் வரைபடங்கள் 17ஆம் நூற்றாண்டின் ஊபெய் ஜி என்ற தொகுப்பில் அச்சாகியுள்ளன. அவற்றில் துறைமுகங்களின் ஓரத்தில் நட்சத்திர உயரம் விரல் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. இலங்கையின் காலியில் கிடைத்த 1409ஆம் ஆண்டின் மும்மொழிக் கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு தமிழையும் பொறித்து வைத்தவர் இதே ஜெங் ஹே. அந்தக் கடல்வழிகளில் தமிழ் பேசும் வணிகருக்கு இருந்த இடம் அப்படி.

1498இல் வாஸ்கோடகாமா ஆப்பிரிக்காவின் மாலிந்தியில் ஒரு வழிகாட்டியைப் பெற்றார். அவர் இப்னு மாஜித்தான் என்று பாடப்புத்தகங்கள்வரை பரவிய கதையை ஆய்வாளர்கள் இன்று ஏற்பதில்லை. அவர் குஜராத்தைச் சேர்ந்தவர் என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் ஜோவாவ் டி பாரோஸ் எழுதினார். காமா தம்மிடமிருந்த பெரிய அஸ்ட்ரோலேபைப் பெருமையோடு காட்டியபோது அந்த வழிகாட்டி வியப்படையவில்லை. செங்கடல் மாலுமிகளிடம் அப்படிப்பட்ட உலோகக் கருவிகள் உண்டு, நானும் காம்பே துறையாரும் இந்தியாவின் மற்ற மாலுமிகளும் மூன்று பலகைகளைக் கொண்டு அளக்கிறோம் என்று சொன்னதாகப் பாரோஸ் குறிக்கிறார். இரண்டே ஆண்டுகளில், 1500இல் போர்த்துக்கீசியத் தலைவர் கப்ராலின் கப்பல்களில் போன மெஸ்த்ரே ஜோவாவ் பிரேசில் கரையிலிருந்து தம் மன்னருக்கு எழுதிய கடிதத்தில் இந்தியாவின் பலகைகள் பேசப்படுகின்றன. இந்தியப் பெருங்கடலின் கருவி அதற்குள் அட்லாண்டிக்கைக் கடந்துவிட்டது.

பலகையைக் கொண்டு உண்மையில் எப்படிப் பயணம் செய்தார்கள்? கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று சொல்ல அந்தக் காலத்தில் யாரிடமும் கருவி இல்லை. அதற்குத் துல்லியமான கடிகாரம் வேண்டும். அது 18ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. ஆகவே தெற்கு வடக்கை மட்டும் நட்சத்திரத்தால் உறுதிசெய்துகொண்டு, சேர வேண்டிய துறையின் முடிச்சு பொருந்தும்வரை நடுக்கடலிலேயே தெற்காகவோ வடக்காகவோ போவார்கள். பொருந்தியதும் கப்பலைத் திருப்பி, அந்த அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு நேரே கிழக்காகவோ மேற்காகவோ ஓட்டுவார்கள். கரை தானாக எதிரே வரும். தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் சோழமண்டலக் கரை இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது: ஒவ்வொரு துறைக்கும் தனி அட்சரேகை, எதிரே திறந்த கடல்.

நாகையிலிருந்து கடாரம் போகும் வழி நல்ல எடுத்துக்காட்டு. நாகையின் அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு நேர் கிழக்கே போனால் கப்பல் சின்ன அந்தமான் தீவில் முட்டும். ஒரு பாகைக்கும் குறைவாகத் தெற்கே இறங்கிவிட்டால், அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் நடுவே பத்தாம் பாகைக் கால்வாய் திறந்து கிடக்கிறது. 10 பாகை அட்சரேகையில் இருப்பதாலேயே அதற்கு அந்தப் பெயர். அதைக் கடந்து தென்கிழக்கே கெடா நோக்கிப் போகும்போது 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை, தெளிந்த நாளில் 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே கண்ணில் படும். புஜாங் பள்ளத்தாக்கின் பழைய துறை அதன் அடிவாரத்தில் இருந்தது. போகும் வழி இப்படி மலையில் முடிகிறது.

திரும்பும் வழிதான் கடினம். காவிரிப் படுகையின் கரை தட்டையானது. 3 மீட்டர் உயரத்தில் கண் வைத்துப் பார்ப்பவருக்குக் கடலின் அடிவானம் 6 கிலோமீட்டர் தூரத்தில் முடிந்துவிடும். கரையில் உயரமான கட்டடம் எதுவும் இல்லாவிட்டால் ஊர் கண்ணில் படுவதற்குள் கப்பல் கரைக்கு மிக அருகே வந்துவிடும். நாகை முடிச்சில் நூல் ஒரு சென்டிமீட்டர் தளர்ந்தால் 0.4 பாகை பிழை வரும். கடலில் அது 45 கிலோமீட்டர். உருண்டு ஆடும் கப்பலில் ஒரு சென்டிமீட்டர் பிழை எளிதில் வரும். எனவேதான் கோபுரங்கள் அவ்வளவு முக்கியமாயின. நீர்ப்பெயற்று என்ற துறையில் இரவில் எரிந்த உயர்ந்த விளக்கைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. நாகையில் சீனக் கோபுரம் என்று ஐரோப்பியர் அழைத்த பழைய செங்கல் கட்டடம், பௌத்த வழிபாடு மறைந்த பிறகும் 1867இல் இடிக்கப்படும்வரை கப்பல்களுக்கு அடையாளமாக நின்றது. நாகூர் தர்காவில் தஞ்சை மன்னர் பிரதாப் சிங் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டித் தந்த மினாரா 131 அடி உயரம்; 3 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அதன் உச்சி ஏறக்குறைய 29 கிலோமீட்டரிலிருந்து தெரியத் தொடங்கும். பலகையின் பிழையைக் கோபுரத்தின் உயரம் பாதியளவு ஈடுசெய்தது.

மீதிப் பாதியை ஒரு தந்திரம் ஈடுசெய்யும். குறித்த துறைக்கு நேராகக் கப்பலை விட்டால், கரை தெரியும்போது ஊர் வலப்பக்கமா இடப்பக்கமா என்று தெரியாது. வேண்டுமென்றே ஒரு பக்கமாக, அதாவது காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாகத் தள்ளிக் கரையை அடைந்தால், பிறகு காற்றோடு ஒரே திசையில் கரையோரமாக ஓடினால் போதும், ஊர் தப்பாது. ஆழம் குறைவதை ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் பாகக் கணக்கில் அளந்தார்கள். நீரின் நிறம், ஆற்று வண்டல், கடற்பாம்புகள், மாலையில் பறவைகள் திரும்பும் திசை எல்லாம் கரை நெருங்குவதைச் சொல்லும். கடற்பாம்புகள் கண்ணில் பட்டால் இந்தியக் கரை அருகில் என்று கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் நூலே எழுதியிருக்கிறது.

திசை பிடிப்பதற்கு விண்மீன்கள் உதித்து மறையும் இடங்கள் பயன்பட்டன. அரபியரின் திசை வட்டம் 32 புள்ளிகள் கொண்டது. வடக்கு தெற்கு தவிர மற்ற 30 புள்ளிகளும் பதினைந்து விண்மீன்களின் உதயமும் மறைவுமே. தமிழ்நாட்டின் அட்சரேகையில் விண்மீன்கள் அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட செங்குத்தாக எழுகின்றன. அதனால் உதித்த விண்மீன் கணிசமான நேரம் அதே திசையில் நிற்கும். ஓரியன் மண்டலத்தின் நடுவே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்கள் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைகின்றன. ஒளிமிக்க அபிஜித் வடகிழக்கை ஒட்டி உதிக்கும். அகத்திய நட்சத்திரம் தென்கிழக்குக்கும் சற்றுத் தெற்கே தள்ளி எழும்.

ராப்பலகையின் கடைசிக் காலத்தைப் பற்றி இரண்டு நல்ல ஆவணங்கள் உள்ளன. 1836இல் ஜேம்ஸ் பிரின்செப், கல்கத்தாவின் ஆசியக் கழக இதழில் அரபு மாலுமிகளின் கருவிகளைப் பற்றி எழுதியபோது கொம்பால் செய்த கமாலையும் அதன் முடிச்சுக் கணக்கையும் விளக்கினார். அசோகரின் கல்வெட்டு எழுத்தைப் படித்தறிந்த அதே பிரின்செப்தான். 1850இல் காங்கிரீவ் என்ற படைத் தலைவர், சோழமண்டலக் கரை மாலுமிகள் கைக்கொண்ட கருவிகளைப் பற்றி மதராஸ் இலக்கிய அறிவியல் இதழில் எழுதினார்; முடிச்சுக் கயிறும் பலகையும் அப்போதும் தோணிகளில் வேலை செய்துகொண்டிருந்தன. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1792இல், சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வுக்கூடம் கட்டியிருந்தது. வானியலோடு புவியியலையும் கடல்வழி அறிவையும் வளர்ப்பது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். அங்கே நிறுத்திய கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. ஒரே நகரின் கரையில் ஒரு பக்கம் தொலைநோக்கியும், மறுபக்கம் பலகையும் ஒரே நட்சத்திரத்தை அளந்துகொண்டிருந்தன. செக்ஸ்டன்ட், கடல்வழிக் கடிகாரம், அச்சிட்ட வரைபடம், நீராவி இயந்திரம், பிறகு கலங்கரை விளக்கங்களின் வரிசை என ஒவ்வொன்றாக வந்து பலகையைத் தேவையற்றதாக்கின.

கருவி மறைந்தாலும் முறை பயனற்றுப் போகவில்லை. மலையிலும் காட்டிலும் நடப்பவர்கள் இன்றும் இதே அளவுகளைக் கையில் வைத்திருக்கலாம். கையை முழுதாக நீட்டினால் சுண்டுவிரலின் அகலம் சுமார் ஒரு பாகை, நடுவில் உள்ள மூன்று விரல்கள் சேர்ந்து 5 பாகை, மூடிய முட்டி 10 பாகை. துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்க, மார்ச் முதல் ஜூலை வரை முன்னிரவில் சப்தரிஷி மண்டலத்தின் முன்னிரண்டு விண்மீன்களை இணைத்து, அந்த இடைவெளியின் ஐந்து மடங்கு நீட்டினால் போதும். அக்டோபர் முதல் ஜனவரி வரை சப்தரிஷி தாழ்ந்திருக்கும்போது, அதற்கு எதிரே ஐந்து விண்மீன்கள் கோணலாக நிற்கும் காசியோபியா வழிகாட்டும். தமிழ்நாட்டில் துருவ நட்சத்திரம் ஒரு முட்டி உயரம்தான் என்பதை மறக்கக் கூடாது. மலையடிவாரத்தில் நிற்பவருக்கு எதிரே உள்ள குன்றே அதை மறைத்துவிடும். அப்போது தெற்கைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும்போது அதன் நீண்ட தண்டுக்கு நேர் கீழே தெற்கு. ஓடையின் ஓரத்தில் உள்ள முகாமுக்குத் திரும்ப வேண்டியவர் முகாமுக்கு நேராக நடக்காமல் வேண்டுமென்றே ஒரு பக்கமாகத் தள்ளி ஓடையை அடைந்து, பிறகு ஓடையோரமாக நடந்தால் வழி தப்பாது. கப்பல் கரை சேர்ந்த அதே தந்திரம் இது.

ராப்பலகையைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் வடக்கே கடல் உள்ள கரையைத் தேட வேண்டும். கீழ்விளிம்பு பொருந்துவதற்குத் தெளிவான அடிவானம் இன்றியமையாதது. கிழக்குக் கரையில் நிற்பவருக்கு வடக்கில் நிலம்தான் தெரியும். இராமேசுவரத்தின் வடகரையான ஓலைக்குடாவும், யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறையும் காங்கேசன்துறையும் வடக்கு நோக்கிய கரைகள். 5 சென்டிமீட்டர் பலகையோடு ஓலைக்குடாவில் அளப்பவருக்கு முடிச்சு ஏறக்குறைய 31 சென்டிமீட்டரில் விழும். இராமேசுவரத்தின் அட்சரேகை 9 பாகை 17 கலை.